ஓசையில்லா வண்டியும் ஒரகடம் சாலையும்

மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கலாமா, வேண்டாமா என்பது வாகன விற்பனை நிலையத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி; மருத்துவமனைச் செய்திமடலில் அதற்கென்ன வேலை என்று வாசகர் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களில் ஒரு குடும்பத்தின் உடல்நலமும் அக்குடும்பத்தின் இருசக்கர வாகனமும் பிரிக்க முடியாதவை. இரவுப் பணிக்குச் செல்வதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், வாரம் இருமுறை தந்தையை டயாலிசிஸுக்கு அழைத்து வருவதும் அதே வண்டியில்தான். எலும்பு முறிவுப் பிரிவில் படுத்திருப்போரில் பெரும்பாலோரை அங்கே கொண்டு சேர்த்ததும் அதே வண்டிதான். ஆகவே இதைப் பற்றி நமக்கென்று ஒரு கருத்து இருப்பதில் தவறில்லை.

முதலில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மின்சார வண்டி நல்லது. பெட்ரோல் வண்டியைவிட நோயாளிக்கும் நோயாளியின் அண்டை வீட்டாருக்கும் நல்லது. எனினும் அதை எங்கே நிறுத்துகிறோம், எங்கே சார்ஜ் ஏற்றுகிறோம், யாருக்கு வாங்கித் தருகிறோம் என்பவற்றில் நம் குடும்பங்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை.

இந்தத் தொழிற்பகுதி மோட்டார் சைக்கிளுக்குப் புதியதன்று. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகளைத் தொடங்கியது. யமஹாவின் தொழிற்சாலையும் வல்லம் வடகாலில் உள்ளது. இடியோசை போன்ற தன் ஒலிக்கே பெயர்பெற்ற ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 2024 நவம்பரில் மிலான் நகரில் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்னும் மின்சார மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையினருக்காக விமானத்திலிருந்து இறக்கப்பட்ட 125 சிசி சிறு வண்டியின் பெயர் அது. மின்சார ஸ்கூட்டர்களோ ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் முன்பிருந்தே உருவாகி வருகின்றன. ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் சென்னை ஐஐடியில் பயின்றவர்கள். சென்னையைச் சேர்ந்த ராப்டீ நிறுவனம், கார்களுக்கான சார்ஜிங் நிலையத்திலேயே சார்ஜ் ஏற்றத்தக்க மோட்டார் சைக்கிளை 2024இல் கொண்டுவந்தது. நாட்டில் விற்பனையாகும் மின்சார இருசக்கர வாகனங்களில் மிகப் பெரும்பான்மையானவை இன்றும் ஸ்கூட்டர்களே. எனினும் இக்கட்டுரையில் சொல்வன இரண்டுக்கும் பொருந்தும்.

நன்மைகளில், விளம்பரங்களில் யாரும் சொல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். மின்சார வண்டியில் சைலன்சர் இல்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் பட்டுத் தோல் வெந்துபோவது நம் ஊர்ப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எவ்வளவு சாதாரணமான காயம் என்பதைப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் தெரியும். பலருக்கு அது வாழ்நாள் தழும்பு. நீரிழிவு நோயாளிகளுக்கோ தழும்போடு முடிவதில்லை. நரம்புகள் உணர்விழந்த காலில் சூடு பட்டதே தெரியாது. வீட்டுக்கு வந்து, மறுநாள் கொப்புளம் உடைந்த பின்னரே கவனிப்பார்கள். அதற்குள் புண்ணில் சீழ் கோத்திருக்கும். ஆறாத கால்புண்ணின் வரலாற்றைத் துருவிக் கேட்டால் சில வேளைகளில் ஒரு மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் போய் முடியும். நீரிழிவுள்ள ஒருவர் நாள்தோறும் பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் குடும்பத்துக்கு, பெட்ரோல் செலவைக் காட்டிலும் இதுவே மின்சார வண்டிக்கு மாறப் போதுமான காரணம் என்று கருதுகிறோம். (பழைய வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.)

அடுத்தது ஓசை. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலம் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலுமே வரம்பு. ஷிப்டு மாறும் நள்ளிரவில் நெடுஞ்சாலையோர மருத்துவமனை எதற்கும் அந்த வரம்பு வெறும் எழுத்துத்தான். அறுவைச் சிகிச்சை முடிந்து வலியோடு கண்ணயரும் நோயாளி, சன்னலுக்கு வெளியே மாற்றப்பட்ட சைலன்சரோடு கிளம்பும் ஒரு வண்டியால் திடுக்கிட்டு எழுவதை உடனிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். மின்சார வண்டி இந்த ஒரு கொடுமையையேனும் ஒழிக்கிறது.

புகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தையின் முகத்துக்கு நேரே புகை கக்கும் குழாய் ஒன்று குறைகிறது. ஆனால் முழு உண்மை என்னவெனில், டயரும் பிரேக்கும் தேய்ந்து எழும் தூசி இந்த வண்டியிலும் உண்டு. மின்சாரத்தின் ஒரு பகுதி எண்ணூர் வட்டாரத்து நிலக்கரி அனல் மின்நிலையங்களிலிருந்து வருகிறது. ஒரகடத்தில் குறையும் புகையில் ஒரு பங்கை எண்ணூர்க் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். முப்பந்தல் காற்றாலைகளைக் கொண்ட நம் மாநிலத்தில் அந்தப் பங்கு காலப்போக்கில் குறையும் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

செலவுக் கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். படப்பையிலிருந்தோ வாலாஜாபாத்திலிருந்தோ வேலைக்கு வந்து போகிறவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியில், பெட்ரோல் ஏறத்தாழ 100 ரூபாய் விற்கையில், நாளுக்கு 80 ரூபாய். 25 வேலை நாளுக்கு 2,000 ரூபாய். மின்சார வண்டி ஒரு யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுமானால், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 12 ரூபாய், மாதத்துக்கு 300. மிச்சமாகும் 1,700 ரூபாய் ஒரு நீரிழிவு நோயாளியின் மாத மருந்துச் செலவைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் வண்டியின் விலை கூடுதல். ஒன்றிய அரசின் மானியமும் ஆண்டுக்காண்டு தேய்ந்து வந்துள்ளது. 2021இல் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்தது 2023இல் 10,000 ஆகி, 2024 ஏப்ரலில் 5,000 ஆகக் குறைந்து, அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பின்னர் அதிலும் பாதியானது. உத்தரவாதக் காலம் முடிந்து பேட்டரியை மாற்ற நேர்ந்தால் அது ஒரு பெருஞ்செலவு. மருத்துவக் கடனில் இருக்கும் குடும்பம் இந்தக் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இனித் தீமைகள். மின்சார வண்டி நகரத்துக்கு ஏற்றது என்பார்கள். நம் பகுதி பெயரளவில்தான் நகரம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கும் கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட வாகனங்களுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் நடுவே ஊர்வதுதான் இங்கே நகர ஓட்டம். ஓசையில்லாத வண்டி இடப்பக்கம் வருவதை லாரி ஓட்டுநர் காதால் அறிய வழியில்லை. சாலையைக் கடக்கும் முதியவருக்கும் பார்வைக் குறையுள்ளவருக்கும் அப்படியே. மேலும் மின் மோட்டார், ஆக்ஸிலேட்டரைத் திருகிய அக்கணமே தன் முழு இழுவிசையையும் தந்துவிடும். பெட்ரோல் வண்டியில் பழகிய கை அதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். வண்டி உயிரோடு இருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று ஒலியால் தெரியாது. சாவியைத் திருகிவிட்டு வாசலில் நிறுத்திய வண்டியின் கைப்பிடியைக் குழந்தை திருகினால் வண்டி பாய்ந்துவிடும். சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் இயங்காத வண்டியா என்று கேட்டு வாங்குவது நல்லது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. வண்டி பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் தலைக்கவசம் ஒன்றே. பின்னால் அமர்பவருக்கும் அது வேண்டும்.

இங்கே ஒரு தனிக் குறை. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் கொண்ட மின்சார வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அதற்குப் பதிவு வேண்டாம், உரிமம் வேண்டாம், காப்பீடு வேண்டாம். "அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இதுவென்றால் ஓட்டிக்கொள்வார்" என்று பிள்ளைகள் வாங்கித் தருவது இதைத்தான். பள்ளி மாணவனுக்கு வாங்கித் தருவதும் இதைத்தான். கடைவீதிக்குள் ஓட்டினால் பழுதில்லை. ஒரகடம் சந்திப்பில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிகளிடையே 25 கிலோமீட்டர் வேகத்தில், கவசமும் காப்பீடுமின்றி ஒரு முதியவர் செல்வது ஏற்கத்தக்கதன்று. வேகத் தடையை நீக்கித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. நீக்கிய அந்நொடியே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்பதும் சிக்கலாகலாம். பார்வையோ சமநிலையோ குறைந்தவருக்கு உரிமம் வேண்டாத வண்டி தீர்வாகாது. நாம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அன்பினால்தான் இத்தவறு நடக்கிறது என்பது.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி தீ. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். அவ்வாண்டு நாடெங்கும் இத்தகைய தீ விபத்துகள் நேர்ந்த பின் பேட்டரிக்கான பாதுகாப்புத் தரவிதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டன. அதற்குப் பின் வந்த வண்டிகள் மேலானவை. பெட்ரோல் வண்டியும் தீப்பற்றக்கூடியதே. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. பெட்ரோல் வண்டி பெரும்பாலும் ஓடுகையில் எரிகிறது. மின்சார வண்டியோ நாம் உறங்குகையில், நம் வீட்டுக்குள், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எரியக்கூடும். லித்தியம் பேட்டரி எரிந்தால் எழும் புகையில் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயுக்கள் இருக்கும். தீயைவிட விரைவில் உயிரைக் குடிப்பது அப்புகைதான்.

நம் வீடுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் வண்டி நிற்குமிடம் முன்வாசல் நடை, அல்லது மாடிப்படியின் அடி. திருட்டுக்கு அஞ்சி இரவில் கதவுக்கு உட்புறமே நிறுத்துவார்கள். அந்த வாசல்தான் வீட்டின் ஒரே வழியும். நடமாடுகிறவர்கள் சன்னல் வழியேனும், மொட்டை மாடி வழியேனும் தப்பலாம். பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர், இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரம் நடக்கக்கூடாதவர், பச்சிளங்குழந்தையோடு சிசேரியன் புண் ஆறாத தாய் ஆகியோர் என் செய்வார்கள்? படுக்கை நோயாளி உள்ள வீட்டில் வாசல் நடையிலும் மாடிப்படி அடியிலும் மின்சார வண்டிக்கு இரவில் சார்ஜ் ஏற்றவே கூடாது. வீட்டுக்கு வெளியே திறந்த கொட்டகையில் ஏற்றுங்கள். அவ்விடம் இல்லையெனில், அனைவரும் விழித்திருக்கும் மாலை நேரத்தில் ஏற்றுங்கள். பல தொழிற்சாலைகளின் வண்டி நிறுத்தத்தில் சார்ஜ் வசதி வந்துவருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். இதற்கும் வழியில்லாத குடும்பத்திடம், நோயாளி எழுந்து நடமாடும் வரை மின்சார வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்வோம்.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ ஆக்சிஜன் கருவியோ பயன்படுத்துவோர் இன்னும் ஒருபடி மேலே கவனமாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சிறு தீயைப் பெருந்தீயாக்கும். அந்த அறையிலும் அதற்கு அடுத்த அறையிலும் பேட்டரியை வைக்காதீர்கள். மற்றொன்று: வண்டியின் சார்ஜர் 500 முதல் 800 வாட் வரை இழுக்கக்கூடியது. அதையும் ஆக்சிஜன் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது பேராபத்து. எர்த் இணைப்புள்ள 15 ஆம்பியர் பிளக்கில் வண்டியைத் தனியாகச் செருக வேண்டும். பேட்டரியிலிருந்து சீறும் ஓசையோ புகையோ வந்தால் அணைக்க முற்படாமல் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101ஐ அழையுங்கள்.

மழையையும் இதனோடு சேர்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தெருக்கள் ஆறாயின. பேட்டரி உறைக்கு ஐபி67 என்ற தரம் இருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும். ஒரு நாள் முழுதும் மூழ்கிக் கிடப்பதற்கு அத்தரம் பொறுப்பேற்காது. மூழ்கிய வண்டியை உலர்ந்துவிட்டது என்று எண்ணிச் சார்ஜ் ஏற்றாதீர்கள். பணிமனையில் காட்டிய பிறகே ஏற்றுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: மின்சார வண்டியில் அமரலாமா? இதயக் கருவிகளும் மின்சார வாகனங்களும் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை கார்களைக் கொண்டு நடந்தவை. ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் கருவி பொருத்திய 108 பேர் மின்சாரக் கார்களில் அமர்ந்தும் ஓட்டியும் சோதிக்கப்பட்டனர். 2023இல் வெளியான அடுத்த ஆய்வில் 130 பேர் அதிவேகச் சார்ஜர்களை 561 முறை பயன்படுத்தினர். இரண்டிலும் கருவிகளின் இயக்கத்தில் இடையூறு காணப்படவில்லை. இது ஆறுதல் தரும் செய்தி. மோட்டார் சைக்கிளில் மோட்டார் காலடியிலோ சக்கரத்திலோ இருக்கிறது, மார்பிலிருந்து தொலைவில். மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் எஞ்சினின் பற்றவைப்பு அமைப்பின் மேல் குனிந்து பழுது பார்ப்பதைத்தான் கருவி தயாரிப்பாளர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஓரடி தூரமாவது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனவே அச்சத்தால் மின்சார வண்டியை விலக்கத் தேவையில்லை. சார்ஜர் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டாம். செல்பேசியைப் பிடித்து வைக்கும் காந்தத் தாங்கியைச் சட்டைப்பையில் போட வேண்டாம். ஆனால் கருவி பொருத்திய முதல் வாரங்களில் தோளை உயர்த்தவும் வண்டி ஓட்டவும் கூடாது என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும். மீண்டும் எப்போது ஓட்டலாம் என்பதை, குறிப்பாக அதிர்ச்சி தரும் ஐசிடி கருவி பொருத்தியவர்கள், தங்கள் இதய மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கியரும் கிளட்சும் இல்லாதது ஒரு வரமே. இடக்கையில் வாத நோயுள்ளவருக்கும், முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து முழுதும் தேறியவருக்கும் ஓட்டுவது எளிதாகிறது. பின்னோக்கி நகரும் வசதியுள்ள வண்டி முதுகுவலிக்காரருக்குப் பெரும் உதவி. கழற்றி எடுக்கும் பேட்டரி மட்டும் சிலருக்கு ஆகாது. ஒரு பேட்டரியே 10 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டிகள் உண்டு. குடலிறக்கம், சிசேரியன், இதய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினால் தையல் என்னாவது? மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாளில் 24 மணி நேரம் எவ்வண்டியும் ஓட்டலாகாது. சளி, அரிப்பு மாத்திரைகள் பல தூக்கம் தரும். "கியர் இல்லாத வண்டிதானே" என்பது இதற்குச் சமாதானமாகாது.

மார்புவலி, பிரசவ வலி, வலிப்பு ஆகியவற்றின்போது பேட்டரியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. காயமுற்றவர் எந்த ஊர்க்காரர், எந்த வண்டியில் வந்தார் என்பது அதற்குத் தடையன்று.

மருத்துவமனைகளின் பங்கும் இதில் உண்டு. டயாலிசிஸ் நான்கு மணி நேரம் நடக்கிறது. உடன்வருபவர் அந்நேரம் முழுதும் வெளியே காத்திருக்கிறார். வண்டி நிறுத்தத்தில் நான்கு சார்ஜ் முனைகள் இருந்தால், வாலாஜாபாத்துக்கு அப்பாலிருந்து வருகிறவரும் வீடு திரும்பப் போதிய மின்சாரம் ஏற்றிக்கொள்வார். வீட்டு வாசலில் இரவில் ஏற்றும் தேவையும் குறையும். அம்முனைகள் திரவ ஆக்சிஜன் தொட்டியிலிருந்தும் அவசரச் சிகிச்சை வாயிலிலிருந்தும் விலகி, கூரை மட்டும் உள்ள திறந்த இடத்தில் அமைய வேண்டும். இப்பகுதியின் எல்லா மருத்துவமனைகளும், நம்முடையதும், வரும் கோடைக்குள் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாசகர்கள் தங்கள் கருத்தை வரவேற்பறையிலுள்ள ஆலோசனைப் பெட்டியில் எழுதி இடலாம்.